கட்டட உட்சூழலை நீண்டகால அடிப்படையில் மதிப்பிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பின் அலுவலகக் கட்டடங்களில் வெப்பநிலை, ஈரப்பதன், காபனீரொட்சைட்டு ஆகியவற்றை அளக்கப் புதிதாக வரும் பொறியியலாளர்களின் அறிக்கைகளைச் சரிபார்ப்பது என் வேலைகளில் ஒன்று. உணரியை ஏசிக்கு நேரே வைப்பது போன்ற பிழைகளை எவரும் விரைவில் திருத்திக்கொள்வர். கணக்கு ஒழுங்காகத் தோன்றியும் முடிவைக் கெடுக்கும் தவறுகளே, நாங்கள் தொழிலுக்கு வந்த காலம் முதல் மாறாமல் தொடர்கின்றன.

அளவீடுகள் எல்லாவற்றையும் தனித்தனிச் சான்றுகளாக எண்ணுவது

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பதியும் உணரி 30 நாளில் 8,640 அளவீடுகளைத் தரும். அவற்றை ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டு டி-சோதனை (இரு சராசரிகளின் வேறுபாடு தற்செயலானதா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) செய்தால், மிகச் சிறிய வேறுபாடும் உறுதியானதாகத் தெரியும். ஆனால் கொங்கிறீற்றுத் தளமும் சுவர்களும் வெப்பத்தைத் தேக்கிவைக்கும் அறையில், 10.05 மணியின் வெப்பநிலையை 10.00 மணி அளவீடே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. ஒரே சாட்சியைத் திரும்பத் திரும்பக் கூண்டில் ஏற்றுவதால் சாட்சிகளின் தொகை கூடாது.

இரு மாடிகளின் சராசரி 0.3 பாகை வேறுபடுகிறது, அளவீடுகளின் சிதறலைக் காட்டும் நியம விலகல் 1.2 பாகை என்று வைத்துக்கொள்வோம். மாடிக்கு 8,640 அளவீடுகளையும் அப்படியே இட்டால், வேறுபாடு அதன் நியம வழுவின் (தற்செயலாக எவ்வளவு மாறக்கூடும் என்பதன் அளவு) 16 மடங்காக வரும். அடுத்தடுத்த அளவீடுகளுக்கிடையிலான தொடர்புக் குணகம் (முழுத் தொடர்பு எனில் 1) 0.98 எனில், அந்த எண்ணிக்கையை (1 − 0.98)/(1 + 0.98), அதாவது 0.02/1.98 ஆல் பெருக்க வேண்டும். தனித்தனிச் சான்றுகளாக எஞ்சுவது ஏறத்தாழ 87. மடங்கும் 1.65 ஆகச் சுருங்கிவிடும். ஏறத்தாழ 2 மடங்கைக் கேட்கும் வழக்கமான 5 சதவீத மட்டத்தில் அதைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது.

கோட்டையில் ஓர் அலுவலகத்தில், மாடிக்கு ஓர் உணரி வைத்து இப்படிக் கணித்த அறிக்கையை நம்பி, உரிமையாளர் மேல்மாடியின் காற்றுக் குழாய்களைப் பெருஞ்செலவில் மாற்றினார். பின்னர் இரு உணரிகளையும் ஒரே மேசையில் அருகருகே வைத்தபோது, அதே வேறுபாடு அங்கும் தெரிந்தது. மென்பொருள் எச்சரிக்கை எதுவும் தராமல் விடையைக் கொடுத்துவிடுவதால் இக்கணக்கு இன்றும் அறிக்கைகளில் வருகிறது. பார்க்கும்தோறும் எனக்கு எரிச்சல் மூளுகிறது. ஒரு நாளை ஓர் அலகாகக் கொண்டு நாளுக்கு ஒரு பெறுமானம் எடுங்கள். அடுத்தடுத்த நாள்களும் ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஓர் உணரி எத்தனை மாதம் ஓடினாலும் ஓர் இடத்தைப் பற்றியே பேசும் என்பதால், மாடிகளை ஒப்பிட வேண்டுமாயின் உணரிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

ஆளில்லாத நேரத்தைச் சேர்ப்பது

வாரத்தின் 168 மணித்தியாலத்தில் அலுவலகம் இயங்குவது 45 மணித்தியாலம் எனில், முழுவாரச் சராசரி வெற்றுக் கட்டடத்தையே விவரிக்கும்.

சராசரியோடு நிறுத்துவது

வசதிக்கென வகுத்த எல்லையை மீறிய மணித்தியாலங்களையும் எவ்வளவு மீறியது என்பதையும் எழுதுங்கள். வெப்ப வசதி பற்றிய சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 7730 இன் 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்கு முறைகள் உள்ளன.

ஒரு மாதத்தைக் கொண்டு ஆண்டைச் சொல்வது

கொழும்பின் மாதச் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுவதும் அதிகம் மாறாததால் இத்தவறு எளிதில் நேர்கிறது. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து வீசுகிறது. வடகீழ்ப் பருவக்காற்றோ உபகண்டத்தின் மாசையும் கொண்டுவருகிறது. யூலையில் மட்டும் நுண்துகளை அளந்தவர் சனவரியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

விடுபட்ட தரவைச் சராசரியால் நிரப்புவது

மின்வெட்டின்போது ஏசி நிற்கும். இணையத்தை நம்பியிருக்கும் உணரியின் பதிவும் நின்றுவிடும். அறை மிக மோசமாக இருந்த நேரமே தரவில் காணாமற்போகிறது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலத்தை இப்படி நிரப்பினால், மக்கள் வேர்த்து விறுவிறுத்திருந்த அறை வசதியான அறையாகப் பதிவாகும். உள் நினைவகமும் மின்கலமும் கொண்ட பதிவுக் கருவியைப் பயன்படுத்துங்கள். இடைவெளி விழுந்தால் அதன் நேரத்தையும் காரணத்தையும் அறிக்கையில் குறிப்பிடுங்கள்.