ஒரு விடியற்காலை போதாது: புகைப்படத் தொடரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூத்துக்குடி உப்பளங்களைப் படம் எடுக்க வருபவர்கள் பெரும்பாலும் கோடையில், விடிவதற்கு முன்பே வந்து இறங்குகிறார்கள். பாத்தி நீரில் வானம் சிவக்கும். தலைச்சுமையோடு பெண்கள் வரப்பில் வரிசையாக நடப்பார்கள். வெயில் ஏறியதும் கிளம்பிவிடலாம். கையில் அழகான இருபது படங்கள் சேர்ந்திருக்கும். ஏற்கெனவே பலர் எடுத்த அதே இருபது படங்கள்.

முதல் ஆண்டு நானும் அப்படித்தான் எடுத்தேன். அதைத் தொடர் என்று நம்பி வரிசையாக அடுக்கி ஒரு நண்பரிடம் காட்டினேன். "உப்பு அழகாக இருக்கிறது. அங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சொந்தமாக ஒரு புகைப்படத் தொடரைத் தொடங்குகிறவர்களிடம் நான் மீண்டும் மீண்டும் பார்க்கும் தவறுகள் எல்லாம் அந்தக் கேள்வியில் இருந்துதான் எனக்குப் புரியத் தொடங்கின.

கருப்பொருளை அகலமாக எடுத்துக்கொள்வது முதல் தவறு. 'உழைப்பு', 'மறையும் தொழில்கள்', 'பெண்கள்' என்று தலைப்பு வைத்துவிட்டால் கண்ணில் படுவதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். எதை விடுவது என்று தெரியாது. தலைப்புக்குப் பதிலாக ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள். என் நோட்டில் கடைசியில் நின்றது இதுதான்: மழை தொடங்கி உப்பளம் மூடிய பிறகு அந்தக் குடும்பங்கள் என்ன செய்கின்றன? எல்லை எவ்வளவு குறுகலோ அவ்வளவு ஆழமாகத் தோண்டலாம். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் நிக்கோலஸ் நிக்சன் 1975 முதல் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் ஆண்டுக்கு ஒரு படமாக எடுத்து வந்தார். நான்கு பேர், அதே நிற்கும் வரிசை. அவ்வளவுதான் விதி. காலம் அந்த முகங்களில் என்ன செய்கிறது என்பதை அந்த எல்லைதான் காட்டிக்கொடுத்தது.

இரண்டாவது தவறு, படத்துக்கு ஒன்றும் இல்லை என்று தோன்றும் காலத்தில் போகாமல் இருப்பது. என்னைக் கேட்டால் இதுதான் மிகப் பெரிய தவறு. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்திகள் வெள்ளக்காடாகிவிடும். உப்பு அம்பாரங்களை மூடிவிடுவார்கள். தினக்கூலி நின்றுபோகும். தங்க ஒளியும் இல்லை, வெள்ளை உப்பும் இல்லை. சாம்பல் வானமும் சேறும்தான். நான் தேடிய தொடர் அந்த மாதங்களில் இருந்தது. ஈரச் சுவரில் சாய்த்து வைத்த உப்பு வாரும் பலகை, அடகுச் சீட்டுகளைச் சேர்த்து வைத்த பிஸ்கட் டப்பா, பகலில் வீட்டில் உட்கார்ந்திருக்கப் பழகாத ஒருவரின் கைகள். கோடையில் மட்டும் போயிருந்தால் இவற்றில் ஒன்றுகூட என் கண்ணில் பட்டிருக்காது.

மனிதர்களிடம் செய்யும் தவறு இதைவிட வலிப்பது. படத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம், திருப்பித் தருவதில்லை. ஓர் ஆண்டு கழித்து, அஞ்சலட்டை அளவில் அச்சிட்ட படங்களை எடுத்துக்கொண்டு போனேன். தன் படங்களைப் புரட்டிப் பார்த்த ஓர் அம்மா, "கால் இருக்கிறது, கை இருக்கிறது, முகம் எங்கே தம்பி?" என்று கேட்டார். வெடித்த பாதங்களையும் உப்பு படிந்த விரல்களையும் நெருக்கமாக எடுத்து அதை மரியாதை என்று நினைத்திருந்தேன். அவர் அன்று தலைவாரி, வேறு சேலை கட்டி, வாசலில் நின்று எடுக்கச் சொன்ன படம் தொடரில் இருக்கிறது. பிள்ளைகளைப் படம் எடுப்பதென்றால் பெற்றவர்களிடம் முதலில் கேளுங்கள். படம் எங்கே வெளியாகும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பெயரைக் குறித்துக்கொள்ளாமல் வருவதும் இதே வகைதான். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரத்தியா லாங்கே 1936இல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்த கூலிக் குடும்பத்துத் தாயை எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. பெயரையும் கதையையும் தான் கேட்கவில்லை என்று லாங்கேயே பின்னாளில் எழுதினார். அந்தத் தாயின் பெயர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1970களின் இறுதியில்தான் உலகுக்குத் தெரிந்தது. அந்தப் படம் குறித்து அவருக்கு மனக்குறை இருந்தது. அன்றன்றைக்கு இரவே தேதி, இடம், பெயர், செய்துகொண்டிருந்த வேலை ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஒரு வாரம் போனால் பாதி மறந்துவிடும்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொடர் பாதியில் இருக்கும்போது கேமராவையும் லென்ஸையும் மாற்றிக்கொண்டே இருந்தால் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. வெள்ளைப் பரப்பைக் கேமரா சாம்பலாக்கிவிடும் என்பதால் உப்பளத்தில் ஒரு ஸ்டாப் அளவுக்கு, அதாவது இரு மடங்காக, ஒளியைக் கூட்டுங்கள். இரண்டு இடங்களில் பிரதி எடுக்காமல் மெமரி கார்டை அழிக்காதீர்கள்.

கடைசியில் வருவது தேர்வு. புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃப்ராங்க் 1950களின் நடுவில் அமெரிக்கா முழுவதும் சுற்றி எடுத்தவை ஏறத்தாழ 27 ஆயிரம் படங்கள். அவற்றிலிருந்து தன் நூலில் சேர்த்தவை 83. எடுப்பதற்குப் பட்ட பாட்டை நினைத்து நாம் பல படங்களை வைத்துக்கொள்கிறோம். பார்ப்பவருக்கு அந்தப் பாடு தெரியாது. திரையில் தேர்ந்தெடுக்காமல், சிறியதாக அச்சிட்டுத் தரையில் பரப்புங்கள். சில நாட்கள் அப்படியே கிடக்கட்டும். உங்களை அறியாத ஒருவரிடமும், படத்தில் இருக்கும் ஊரைச் சேர்ந்த ஒருவரிடமும் காட்டுங்கள்.

நாற்பது படங்களை அந்த அம்மாவின் வீட்டுத் திண்ணையில் பரப்பினேன். எனக்கு மிகவும் பிடித்த சூரிய உதயப் படத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளினார். ஈரச் சுவரில் பலகை சாய்ந்திருக்கும் படத்தை, நான் விட்டுவிடலாம் என்று நினைத்திருந்த அந்தப் படத்தை, கையில் எடுத்து நெடுநேரம் வைத்திருந்தார். "ஐப்பசி என்றால் இதுதான்" என்றார்.