கசையிழை தெரியவில்லையா? சாயத்தைக் குறை சொல்லும் முன்

பாக்டீரியா நீந்த உதவும் வால்போன்ற மெல்லிய இழையான கசையிழைக்குச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் செல்களின் உடல் மட்டும் மொழுக்கென்று தெரிகிறது, இழை ஒன்றைக்கூடக் காணோம். உடனே "சாயம் கெட்டுப்போச்சு" என்று புது பாட்டிலைத் தேடுவார்கள். பெரும்பாலும் சாயத்தில் கோளாறு இருக்காது, அதை ஊற்றுவதற்கு முன்பே இழைகள் அறுந்துபோயிருக்கும்.

கசையிழையின் தடிமன் சுமார் 20 நானோமீட்டர்தான். சாதாரண ஒளி மைக்ரோஸ்கோப்பால் ஏறக்குறைய 200 நானோமீட்டருக்குக் கீழே எதையும் பிரித்துக் காட்ட முடியாது. அதனால் இங்கே நிறம் ஏற்றுவது மட்டும் போதாது, இழையைத் தடிமனாக்கவும் வேண்டும். சாயம் பிடிக்க உதவும் மார்டன்ட்டில் உள்ள டானிக் அமிலம் அந்த வேலையைத்தான் செய்கிறது, இழையின்மேல் படிந்து படிந்து கண்ணுக்கு எட்டும் அளவுக்குக் கொண்டுவருகிறது. ஆனால் அது ஆள் பார்த்துப் படியாது, ஸ்லைடில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு, விரல் ரேகை, அகார் (வளர்ப்பு ஜெல்லி) துணுக்கு என்று எல்லாவற்றின்மேலும் படியும். பெட்டியிலிருந்து எடுத்த புது ஸ்லைடு சுத்தம் என்று நம்புவதும் தவறுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், முத்தாக நிற்காமல் தடையின்றிப் பரவினால் சரி.

எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது முரட்டுக் கை. பாக்டீரியாவுக்கு வழக்கமாகப் போடும் கிராம் சாயம் பழகிய கைக்கு லூப்பால் (நுனியில் வளையமுள்ள கம்பியால்) தேய்ப்பது, சுழற்றிக் கலக்குவது, சுடரில் காட்டி உறைய வைப்பது எல்லாம் யோசிக்காமலே வரும், இங்கே மூன்றுமே ஆகாது. குழாயை அதிரவைத்துக் கலக்கும் வோர்டெக்ஸில் வைத்தால் இழைகள் அறுந்துவிடும், வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜிலும் குறுகிய பிப்பெட் முனையில் வேகமாக உறிஞ்சித் தள்ளுவதிலும் அதே ஆபத்து உண்டு. அகாரில் வளர்ந்த காலனியை (பாக்டீரியாக் கூட்டத்தை) லூப்பால் லேசாகத் தொட்டு, ஒரு சொட்டுத் தண்ணீரில் அந்த நுனியை மெதுவாகப் பட வையுங்கள், கலக்க வேண்டாம். நீந்தத் தெரிந்தவை சில நிமிடங்களில் தாமாகவே பிரிந்து வந்துவிடும். அந்த நீர் லேசாகக் கலங்கியிருந்தாலே போதும், பால்போல இருந்தால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து எந்த இழை எதனுடையது என்றே புரியாது. அப்புறம் ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டு, சாய்த்து ஓடவிட்டு, காற்றிலேயே உலரவிடுங்கள். சூடு வேண்டவே வேண்டாம்.

இழை இருக்கிறதா என்பதே இன்னொரு கேள்வி. லிஸ்டீரியாவை 37 டிகிரியில் வளர்த்துவிட்டு இழையைத் தேடினால் கிடைப்பது கடினம், 20 முதல் 25 டிகிரியில் வளர்த்தால்தான் நன்றாக உருவாகும். ஈ. கோலைக்குக் குளுக்கோஸ் தாராளமாகக் கொடுத்தால் அது கசையிழை செய்வதைக் குறைத்துக்கொள்ளும். பழைய வளர்ப்பும் வேண்டாம், இளம் வளர்ப்பை எடுங்கள். திரவ ஊடகத்திலிருந்து நேரடியாக எடுத்தால் அதிலுள்ள புரதங்களும் சேர்ந்து படிந்து பின்னணியை அழுக்காக்கும். எதுவானாலும் முதலில் ஈர ஸ்லைடில் உயிரோடு பார்த்துவிடுங்கள். நின்ற இடத்திலேயே நடுங்குவது நீச்சல் ஆகாது, அது தண்ணீர் மூலக்கூறுகள் மோதுவதால் வரும் வெறும் பிரௌனியன் அசைவு. இடம்விட்டு இடம் போகிற செல் தெரிந்தால்தான் மேற்கொண்டு மெனக்கெடுவதில் அர்த்தம் உண்டு.

கசையிழைக்குச் சாயமேற்றும் முறைகளில் ஒன்றான லைஃப்சன் முறையில் நேரம்தான் வில்லங்கம். குறிப்பில் 10 நிமிடம் என்று போட்டிருந்தால் அதை வேதவாக்காக எடுக்காதீர்கள், சாயத்தின் வயது, அறையின் சூடு, ஊற்றிய அளவு எல்லாமே அதை மாற்றும். புதிதாகக் கலக்கிய சாயத்துக்கு நாலைந்து ஸ்லைடுகளை வெவ்வேறு நேரம் வைத்துப் பார்த்து, பொருந்தும் நேரத்தைக் கண்டுபிடிப்பதுதான் வழி. கழுவும்போது முதலில் சாய்த்துக் கொட்டிவிட்டால் மேலே மிதக்கும் பளபளப்பான ஏடு அப்படியே ஸ்லைடில் ஒட்டிக்கொள்ளும். தட்டையாக வைத்தபடியே தண்ணீர் விட்டு அந்த ஏட்டை மிதக்கவிட்டு வெளியேற்றுங்கள். சாயத்தில் ஆல்கஹால் இருப்பதால் மூடியை இறுக்காமல் வைத்தால் ஆவியாகி விகிதமே மாறிவிடும், உண்மையிலேயே சாயம் கெடுவது இப்படித்தான். இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் ரியூ என்ற இன்னொரு கசையிழைச் சாயத்தின் ஈர ஸ்லைடு முறை சுலபம். கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் சாயத்தை விட்டால் தானாக உள்ளே ஊறும், சில நிமிடம் கழித்து கவர் ஸ்லிப்பில் ஒட்டியிருக்கும் செல்களைப் பாருங்கள்.

பார்க்கும்போதும் அவசரம் கூடாது. உடல் முழுக்க இழை உள்ள பாக்டீரியாவில் அவை ஒன்றாகத் திரண்டு ஒரே வால்போலத் தெரியலாம், பலவற்றில் சில இழைகள் உதிர்ந்தும் இருக்கும். ஒரு செல்லைப் பார்த்து முடிவு கட்டாமல், தனித்தனியாகக் கிடக்கும் பல செல்களைப் பல இடங்களில் பாருங்கள். கூடவே, சாயம் வேலை செய்கிறதா என்று ஒப்பிட, முனையில் ஒற்றை இழை உள்ள சூடோமோனாஸ் ஏருஜினோசா, சுற்றிலும் இழை உள்ள புரோட்டியஸ், இழையே இல்லாத கிளெப்சியெல்லா நிமோனியே மூன்றுக்கும் அதே சாயத்தைப் போடுங்கள். புரோட்டியஸிலேயே ஒன்றும் தெரியவில்லை என்றால் உங்கள் மாதிரியைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. சுருள் வடிவ பாக்டீரியாக்களான ஸ்பைரோகீட்டுகளை மட்டும் இதில் முயல வேண்டாம், அவற்றின் கசையிழை வெளிச்சவ்வுக்கு உள்ளே சுற்றிக்கிடப்பதால் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குத்தான் போக வேண்டும்.