டெக் போடுறதுக்கு முன்னாடி குனிஞ்சு அடியில பாருங்க: மரமா காம்போசிட்டா, டர்பன் வீடுகள்ல நடக்குற தப்புகள்

போன தீபாவளிக்கு முந்துன வாரம், தென்னாப்பிரிக்கா டர்பன்ல எங்க வீட்டு டெக்கோட (வீட்டுக்கு வெளிய பலகையால போட்ட தளம்) ஒரு மூலையில கால வெச்சா மெத்தை மாதிரி அமுங்குச்சு. மேல இருக்குறது காம்போசிட் பலகை, அதாவது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செஞ்சது, போட்டு ஆறு வருஷம் ஆச்சு, ஒன்னு ரெண்டு கீறல் தவிர புதுசு மாதிரியே இருக்கு. கிளிப்ப கழட்டி ரெண்டு பலகைய தூக்கிப் பாத்தா அடியில பலகைய தாங்குற பைன் சட்டம் டீயில ஊறுன ரஸ்க் மாதிரி கையோட வருது, ஸ்க்ரூடிரைவர வெச்சு குத்துனா கைப்பிடி வரைக்கும் உள்ள போகுது. "காம்போசிட் போட்டா 20 வருஷம் திரும்பிப் பாக்க வேணாம்"னு சொல்லித்தான் போட்டுக் குடுத்தாங்க. அவங்க சொன்னது பலகையப் பத்தி, சட்டத்தப் பத்தி நாங்களும் கேக்கல அவங்களும் வாயத் திறக்கல.

இதுதான் முதல் தப்பு, இதுதான் பெரிய தப்பும். மரமா காம்போசிட்டான்னு மாசக்கணக்குல வீட்டுல சண்டை போடுவோம், ஆனா ரெண்டுல எத போட்டாலும் அடியில போறது பெரும்பாலும் அதே பைன் சட்டம்தான். தென்னாப்பிரிக்காவுல அழுகாம, கரையான் அரிக்காம இருக்க மருந்து ஏத்துன மரத்துக்கு H நம்பர் உண்டு. H2ன்னா கூரைக்குள்ள போடுற மரம். H3 வெளிய மழை படுற இடத்துக்கு, ஆனா மண்ணத் தொடக் கூடாது. மண்ணுல நடுற தூணுக்கு H4 வேணும். எங்க வீட்டுல H3 சட்டத்த அப்படியே மண்ணோட ஒட்டி படுக்க வெச்சிருந்தாங்க, கரையானுக்கு வாழை இலை போட்டு சாப்பாடு வெச்ச மாதிரி. மரத்துல முத்திரையோ முனையில சின்ன டேக்கோ இருக்கும், பக்கில (சரக்கு ஏத்துற பிக்கப் வண்டி) இருந்து இறக்குறப்பவே நின்னு பாத்துடுங்க. இன்னொன்னு, மருந்து வெளிப்பக்கத்துல இருந்து உள்ள ஏறுறது, நடு வைரம் வரைக்கும் சரியா போகாது, அதனால சட்டத்த அறுத்தா அறுத்த முனைக்கு திரும்ப மருந்து பூசணும். நம்ம ஆளுங்க அறுப்பாங்க, ஆணி அடிப்பாங்க, கெளம்பிடுவாங்க.

காத்தோட்டமும் அப்படித்தான். டர்பன்ல கோடை முழுக்க மழை, மழை நின்னாலும் காத்துல ஈரம் நிக்கும். சுத்திலும் பலகை அடிச்சு மூடி அழகா இருக்குன்னு போட்டோ எடுத்துட்டா அடியில இருக்குற ஈரம் எந்த வழியா போகும்? எங்க சாட்ஸ்வர்த் மேட்டு வீடுகள்ல சரிவுல தள்ளிக் கட்டுறதால பாதி டெக்குக்கு நல்லா காத்து வரும், வீட்டுச் சுவர் பக்கம் மண்ணோட ஒட்டிட்டு இருக்குற பாதிதான் அழுகும். எங்களுதும் அந்த மூலைதான். மேல மாமரம் இருந்தா இன்னும் மோசம், இலை இடுக்குல போய் உக்காந்து தண்ணிய புடிச்சு வெச்சுக்கும்.

சரி இப்ப மேல் பலகை. கடையில ஏசி ஓடுற ரூம்ல சாம்பிள தடவிப் பாத்து கருப்பு கலர் சூப்பரா இருக்குன்னு வாங்கிட்டு வர்றாங்க. காம்போசிட்ல பிளாஸ்டிக் இருக்கு, இங்க ஜனவரிதான் கோடை, அந்த வெயில்ல ரெண்டு மணிக்கு அடர் கலர் பலகையில வெறுங்கால வெச்சா புள்ளைங்க குதிக்கும். சாம்பிள் துண்ட கடன் வாங்கிட்டு வந்து டெக் வரப்போற அதே இடத்துல மத்தியானம் ஒரு மணி நேரம் போட்டு நீங்களே கால வெச்சுப் பாருங்க, வேற எந்த சோதனையும் வேணாம். எதிர்ல பெரிய கண்ணாடி ஜன்னல் இருந்தா அதுல பட்டு திரும்புற வெயில் பலகைய நெளிய வெக்கிறதும் உண்டு.

நெருப்பு விஷயத்த யாருமே யோசிக்கிறதில்ல. நம்ம வீட்டுல ப்ராய் (கறி சுடுற அடுப்பு) இருக்கும், தீபாவளிக்கு விளக்கு வரிசையா வெப்போம், பூஜைன்னா கற்பூரம். எங்க டெக்குல ஒரு விளக்கு சாஞ்சு ஒரு ரூபாய் காசு அளவுக்கு உருகிப் போன வட்டம் இன்னும் இருக்கு. மரமா இருந்தா கருகும், சேண்ட் பேப்பர் போட்டு தேய்ச்சு எண்ணெய் பூசினா போயிடும், ஆனா மேல பிளாஸ்டிக் உறை போட்ட காம்போசிட்ட தேய்ச்சா உறையே போயிடும். ப்ரியாணி சட்டிய அடுப்புல இருந்து இறக்கி நேரா வெக்கிறவங்க அந்த ஓரத்துக்கு கல்லோ டைலோ போட்டுக்குங்க. உறை இல்லாத மலிவு காம்போசிட் பக்கமே போகாதீங்க, உள்ள இருக்குற மரத்தூள் நம்ம ஊரு ஈரத்துக்கு கரும்புள்ளியா பூஞ்சை புடிக்கும், எண்ணெயும் உள்ள இறங்கிடும்.

அதுக்காக மரம்தான் சாமின்னு சொல்ல வரல. இங்க நெறைய போடுறது பலாவ், மலேசியா இந்தோனேசியா பக்கத்து மரம், பலாப்பழத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, நம்ம குங்கிலிய மரத்தோட சொந்தக்காரன். இரும்பு மாதிரி கெட்டி, டிரில் போடாம நேரா ஸ்க்ரூ முடுக்கினா முனை வெடிக்கும். மொத ரெண்டு மூனு மழைக்கு செவப்பா சாயம் விடும், பக்கத்துல வெள்ளை பேவிங் கல் இருந்தா போச்சு. எண்ணெய் பூசலன்னா ஒரு வருஷத்துக்குள்ள வெள்ளி சாம்பல் நிறமாயிடும், நிறம்தான் போகும், மரம் கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. எனக்கு அந்த சாம்பல் நிறம் பிடிக்கும், வீட்டுக்காரருக்கு பிடிக்காது. செவப்பாவே வேணும்னா வருஷத்துக்கு ஒரு தடவையாவது எண்ணெய், யாரு பூசுறதுன்னு வாங்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. வார்னிஷ் மட்டும் அடிக்காதீங்க, வெயில்ல தோல் உரியற மாதிரி உரிஞ்சு மொத்தத்தையும் சுரண்ட வேண்டியதாகும்.

மரம் ஈரத்துல அகலமா ஊதும், காம்போசிட் சூட்டுல நீளமா நீளும். நாலு மீட்டர் காம்போசிட் பலகை குளிர்காலத்து காலையில இருந்து கோடை மத்தியானத்துக்கு அஞ்சாறு மில்லிமீட்டர் வரைக்கும் நீளலாம், முனையில இடம் விடாம சுவத்துல முட்டி வெச்சா வளைஞ்சு எழும்பும். தங்கச்சி ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவுல இருக்கா, அங்க குளிர்காலம் காய்ஞ்சு கெடக்கும், உயரமான ஊருங்கிறதால வெயிலும் கடுமை. அவ போட்ட பலாவ் ஜூலைல சுருங்கி இடுக்கு பெருசாயிடுச்சு, நாற்காலி கால் மாட்டுதுங்கிறா. அதனால ஜோபர்க்ல ஒருத்தர் சொன்ன இடுக்கு அளவ அப்படியே டர்பனுக்கு எடுத்துட்டு வராதீங்க.

ஸ்க்ரூ. ப்ளஃப், உம்லாங்கா மாதிரி கடல் பக்கம்னா கப்பலுக்கு போடுற 316 ஸ்டெயின்லெஸ், வேற பேச்சே இல்ல. சாதா இரும்பு துரு புடிக்கிறதோட பலாவ்ல கருப்பா வழிஞ்சு கறையும் வெக்கும். சட்டத்துக்கு சட்டம் எவ்வளவு தூரம்னு காம்போசிட் பேப்பர்லயே எழுதியிருக்கும், பெரும்பாலும் 400 மில்லிக்குள்ள, உள்ள ஓட்டை இருக்குற பலகைன்னா இன்னும் நெருக்கம். சட்டத்த மிச்சம் புடிச்சு 600ல போட்டுட்டு பலகை தொய்யுதுன்னு போய் நின்னா வாரண்டி கெடைக்காது. அப்புறம் தரையில இருந்து ஒரு மீட்டருக்கு மேல உயரம்னா ஓரத்துல ஒரு மீட்டர் உயரத்துக்கு கைப்பிடித் தடுப்பு கட்டாயம், பிளான் வேணுமான்னு முனிசிபாலிட்டில மொதல்லயே கேட்டுடுங்க.

நாங்க இப்ப பழைய பலகைய பத்திரமா அடுக்கி வெச்சுட்டு அடியில புதுசா சட்டம் போடுறோம், தூணு H4, சுவர் பக்கம் மண்ண ஒரு ஜாண் ஆழத்துக்கு வெட்டி எடுத்தாச்சு. பழைய சட்டத்துல அழுகாத துண்டுங்கள மாமா ப்ராய் பக்கத்துல அடுக்கிட்டு இருந்தாரு.

"ஏம்மா, நல்ல காஞ்ச விறகு, ஏன் தூக்கிப் போடணும்?"

"மாமா, அந்த பச்சை நிறம் மருந்துல வர்றது, அதுல ஆர்சனிக் இருக்கு. எரிச்சா பொகையிலயும் சாம்பல்லயும் வெஷம், அதுல கறி சுடவே கூடாது."

கையில இருந்தத கீழ போட்டுட்டு நேரா குழாயடிக்குப் போய் ரெண்டு தடவை சோப்பு போட்டு கழுவுனாரு. துண்டுங்க மூட்டையில இருக்கு, சனிக்கிழமை குப்பைக் கிடங்குக்கு கொண்டு போகணும்.