நீலகிரியில் வீட்டுக்குத் தடுப்புச் சுவர்: மண்ணில் கை வைக்கும் முன் வாங்க வேண்டிய அனுமதிகள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கும் யாரிடமாவது தடுப்புச் சுவருக்கு அனுமதி வாங்கியாச்சா என்று கேட்டுப் பாருங்கள், "வீட்டுக்குத்தான் பிளான் அப்ரூவல் ஆயிடுச்சே, அப்புறம் என்ன" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் வீட்டு வரைபடத்தில் மனை மேசை மாதிரி சமமாக இருந்தது. நிஜத்தில் பின்பக்கம் 11 அடி மேடு, முன்பக்கம் தேயிலைத் தோட்டத்தை நோக்கி இறங்கும் சரிவு. மேட்டை வெட்டத் தொடங்கிய மூன்றாம் நாள் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், வரைபடத்தில் இல்லாத சுவருக்கு அனுமதியும் இல்லை என்று. அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர்கள் சொன்னது சரிதான்.

2024 பிப்ரவரி 7 அன்று ஊட்டி அருகே லவ்டேலில், ஒரு வீட்டுக்குத் தடுப்புச் சுவர் கட்டும் வேலையில் மண் சரிந்து 6 பெண் தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். மேலே இருந்த பழைய கழிப்பறைக் கட்டடமும் சேர்ந்து விழுந்தது. அது மழைக்காலம்கூட இல்லை. மேட்டை வெட்டி முடித்ததற்கும் சுவர் எழும்புவதற்கும் நடுவில் சில வாரங்கள் அந்த மண் எந்தப் பிடிமானமும் இல்லாமல் நிற்கும், ஆபத்து அங்கேதான். அதிகாரிகள் கேட்கும் காகிதங்களைத் தொல்லை என்று நினைக்காமல் அந்தச் சில வாரங்களை மனதில் வைத்துப் படித்தால் எதற்குக் கேட்கிறார்கள் என்று புரியும்.

முதலில் உங்களுக்கு வேண்டியது எந்தச் சுவர் என்று முடிவு செய்யுங்கள். பள்ளப் பக்கம் மண் நிரப்பி முற்றத்தைச் சமமாக்க எழுப்புவது ஒரு வகை. மேட்டுப் பக்கம் வெட்டிய மண்ணைத் தாங்கிப் பிடிக்க எழுப்புவது இன்னொரு வகை, இதைப் பொறியாளர்கள் பிரெஸ்ட் வால் என்பார்கள். மேஸ்திரிகள் இரண்டையும் "ரிட்டைனிங்" என்றே சொல்லிவிடுவார்கள், ஆனால் கணக்கு வேறு, ஆய்வுக்கு வருபவர் கேட்கும் கேள்வியும் வேறு. மலைப்பகுதித் தடுப்புச் சுவர்களுக்கென்றே ஐ.எஸ். 14458 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது, மூன்று பாகம். உங்கள் பொறியாளர் அதைப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். முழித்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

அடுத்து நிலத்தின் காகிதம். பட்டா, சிட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் வழக்கம்போல. இதில் நிறைய பேர் கோட்டை விடுவது எஃப்.எம்.பி. வரைபடத்தில்தான், அதாவது உங்கள் மனையின் எல்லையும் அளவும் காட்டும் அரசு நில அளவைப் படம். அரசின் இணையச் சேவையிலிருந்து வீட்டில் இருந்தே எடுத்துவிடலாம், ஆனால் எடுத்து ஃபைலில் வைத்தால் போதாது, சர்வேயருக்கு மனு கொடுத்து மனையை அளந்து எல்லைக்கல்லை உறுதி செய்யுங்கள். காரணம் இருக்கிறது. 10 அடி உயரச் சுவருக்கு அடிப்பகுதி மட்டும் 5 முதல் 7 அடி அகலம் வரை போகும். எல்லையோரம் சுவர் எழுப்புகிறேன் என்று கிளம்பினால் அதன் கால் பக்கத்து நிலத்துக்குள் நீண்டிருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. பக்கத்தில் ஓடைப் புறம்போக்கு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். தண்ணீர் வருஷத்தில் பத்து நாள்தான் ஓடும் என்பதால் அது ஓடை இல்லை என்று ஆகிவிடாது. கூடலூர், பந்தலூர் பக்கம் என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் இடம் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-இல், அதாவது ஜென்மி என்ற பழைய நில உடைமையாளர்கள் தோட்டத்துக்குக் குத்தகைக்கு விட்ட நிலங்களில், வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சுவரைப் பற்றிய பேச்சே அப்புறம்தான், அது தனிக்கதை.

மனு எங்கே கொடுப்பது? நகராட்சியா, பேரூராட்சியா, ஊராட்சியா என்பது இடத்தைப் பொறுத்தது. விதி என்று பார்த்தால் எல்லோருக்கும் 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான், ஆனால் மலைக்கு அதற்கு மேல் ஓர் அடுக்கு உண்டு. ஹாக்கா என்று எல்லோரும் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உங்கள் கிராமம் இருந்தால் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத்துறை ஆகியவற்றிடம் தடையின்மைச் சான்று கேட்பார்கள். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அலையாமல் ஒரே சமயத்தில் மனு போடுங்கள். நான் ஒன்று முடியட்டும் என்று காத்திருந்ததில் ஒரு கோடைகாலமே போய்விட்டது. மூன்றில் முக்கியமானது புவியியல் துறைக்காரரின் ஆய்வு. வந்து நின்று சரிவைப் பார்ப்பார், மேலே விரிசல் இருக்கிறதா, எங்கேயாவது ஊற்று கசிகிறதா, மரம் சாய்ந்து வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். அவர் வரும் அன்று மேஸ்திரியை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் வேலைக்குப் போய்விடாதீர்கள். அங்கே நின்று அவர் சொல்வதைக் கேட்டால் பிறகு வடிவமைப்புக்கு அவ்வளவு உதவும்.

இதற்கு அப்புறம் சில்லறை அனுமதிகள். சில்லறை என்றேன், வேலை நிற்பது பெரும்பாலும் இவற்றால்தான்.

ஜே.சி.பி. வேண்டுமென்றால் நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி இல்லாமல் இறக்க முடியாது. வண்டிக்காரர் "ராத்திரியோட ராத்திரியா முடிச்சுடலாம்" என்பார். வண்டியைப் பறிமுதல் செய்தால் அபராதம் யார் கட்டுவது என்று அவரிடமே கேளுங்கள், பேச்சு மாறும். மரம் நின்றால் அது உங்கள் பட்டா நிலத்து மரமாகவே இருந்தாலும், 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணை வெளியே கொண்டுபோகக் கனிமவளத் துறையின் சீட்டு வேண்டும், கீழே ஓடையில் தள்ளிவிடலாம் என்ற யோசனையே வேண்டாம். சாலையை ஒட்டிய மனை என்றால் நெடுஞ்சாலைத் துறையின் சான்று. மலை ரயில் பாதைக்குப் பக்கம், அதாவது ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் என்றால் ரயில்வேயின் சான்றும் சேரும்.

சரி, வரைபடத்துக்கு வருவோம். மனு திரும்பி வருகிறதா நிற்கிறதா என்பது இதில்தான் இருக்கிறது.

சுவரை மட்டும் வரைந்து கொடுத்தால் போதாது. மனையின் உயரக் கோடுகள், இப்போது சரிவு எப்படி இருக்கிறது, எவ்வளவு வெட்டப் போகிறீர்கள், வெட்டிய பிறகு எப்படி இருக்கும், மேலே யார் வீடு எவ்வளவு தூரத்தில், இவை குறுக்குவெட்டுப் படத்தில் தெரிய வேண்டும். அதைவிட முக்கியம் தண்ணீர். 10 அடிச் சுவரின் பின்னால் உலர்ந்த மண் இருந்தால் ஒரு மீட்டர் நீளத்துக்குக் கிட்டத்தட்ட 3 டன் அளவுக்குத் தள்ளும். அதே மண்ணில் தண்ணீர் மேல்வரை தேங்கி நின்றால் அது இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். மண்ணுக்காகக் கணக்குப் போட்டுக் கட்டிய சுவர், தண்ணீரைத் தாங்கச் சொன்னால் என்ன செய்யும்? 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த நவம்பர் நிலச்சரிவுகளில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மாதிரி மழைக்கு உங்கள் சுவர் என்ன பதில் வைத்திருக்கிறது என்று வரைபடத்தில் காட்டுங்கள்: சுவருக்குப் பின்னால் ஜல்லி அடுக்கு, அதன் அடியில் ஓட்டைபோட்ட குழாய், சுவரில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக வெளியே சாய்ந்த வீப் ஹோல் (தண்ணீர் வடியும் ஓட்டை), சரிவின் தலைப்பக்கம் மேல்தண்ணீரைத் திருப்பிவிடும் வாய்க்கால். இவ்வளவும் போட்ட பிறகு அந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழுகிறது என்பதும் இருக்க வேண்டும். என் முதல் வரைபடத்தில் குழாயின் வாய் நேராகக் கீழ்வீட்டு மாமாவின் சமையலறையைப் பார்த்து இருந்தது, திருப்பி அனுப்பினார்கள்.

கணக்கில் சறுக்கல், கவிழ்தல், அடிமண்ணின் தாங்கும் திறன் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். சறுக்கலுக்குக் குறைந்தது 1.5 பாதுகாப்பு விகிதம் என்பது வழக்கம், அதாவது தள்ளும் விசையைப் போல ஒன்றரை மடங்கு தாங்கும் விசை வேண்டும். பதிவு பெற்ற ஸ்ட்ரக்சுரல் பொறியாளரின் கையெழுத்து வேண்டும், அவர் மனைக்கு வராமல் போட்டோவைப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவராக இருக்கக் கூடாது. காசு கொஞ்சம் கூடத்தான் ஆகும்.

வரைபடத்திலேயே இன்னொன்றையும் எழுதிவிடச் சொல்லுங்கள்: மேட்டை ஒரே மூச்சில் முழு நீளமும் வெட்டாமல் 2, 3 மீட்டர் துண்டாக, ஒன்று விட்டு ஒன்றாக வெட்டி, அந்தத் துண்டுக்குச் சுவர் எழுப்பிய பிறகே அடுத்ததில் கை வைப்பது என்று. கான்ட்ராக்டர்கள் இதை வெறுப்பார்கள், வேலை இழுக்கும் என்பார்கள். ஆனால் எழுத்தில் இருந்தால் நீங்கள் தினமும் சண்டை போட வேண்டியதில்லை, படத்தைக் காட்டினால் போதும். வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டி ஆள் உள்ளே இறங்கியிருக்கும்போது மேலே மண்ணையோ கல்லையோ குவிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்கம்பக்கம் விஷயத்தில் சட்டமும் மரியாதையும் இரண்டும் வேண்டும். 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டப்படி, பக்கத்து நிலத்துக்கு உங்கள் மண் இயற்கையாகக் கொடுக்கும் தாங்கலை அவர் உரிமையாகவே கேட்கலாம். ஆகவே வெட்டுவதற்கு முன் மேல்வீட்டுக்காரரிடம் போய்ப் படத்தைக் காட்டிப் பேசிவிடுங்கள். அவர் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே உள்ள விரிசல்களைத் தேதியோடு போட்டோ எடுத்து அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். நான் போட்டோ எடுக்கப் போனபோது மேல்வீட்டு அக்கா முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தார், அப்புறம் அவரே "இங்க ஒண்ணு இருக்கு பாரு" என்று உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். மனு பரிசீலனையில் இருக்கும்போது மேல்வீட்டிலிருந்து ஒரு புகார் போனால் எத்தனை மாதம் தள்ளும் என்பது உங்களுக்கே தெரியும்.

நேரக் கணக்கு: மண் வேலை ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் முடிந்துவிட வேண்டும். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று நமக்கு இரண்டு பருவமும் உண்டு, மழையில் மேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்க முடியாது. அதற்குள் அனுமதி கையில் இருக்க வேண்டுமென்றால் மனுவை முந்தைய மழைக்காலத்திலேயே கொடுங்கள். மழையில் மனையைப் போய்ப் பார்த்தால் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதும் தெரிந்துவிடும், செலவில்லாத சர்வே.

ஏற்கெனவே வெட்டிவிட்டீர்கள், அனுமதி இல்லை என்றால்? முதலில் வெட்டிய முகத்தைத் தார்ப்பாயால் மூடி, மேல்தண்ணீரைத் திருப்பிவிட்டு, கீழே யாரும் போகாமல் தடுங்கள். அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிடுங்கள், பிறகு நீங்களே அலுவலகத்துக்குப் போய்த் திருத்திய வரைபடம் கொடுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு போனால் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகள் வந்துவிடும், வேலையை நிறுத்தவும் இடிக்கச் சொல்லவும் சீல் வைக்கவும் அவற்றில் இடம் இருக்கிறது. இடைத்தரகர் ஒருவர் "நான் பார்த்துக்கிறேன் சார்" என்று வருவார். நான் ஒருவருக்குக் கொடுத்து ஏமாந்தேன், மனுவே போடப்படவில்லை. மனு எண் இல்லாமல் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

அனுமதி வந்ததும் ஆணையின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் நிபந்தனைகளைப் படியுங்கள், எத்தனை நாளில் முடிக்க வேண்டும், யாருக்கு எப்போது தகவல் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். வானம் தோண்டியதும், கம்பி கட்டியதும், பின்னால் ஜல்லியும் குழாயும் போட்டதும் மண் மூடுவதற்கு முன்னால் போட்டோ எடுத்து அனுமதியோடு அதே ஃபைலில் வையுங்கள். மூடிய பிறகு உள்ளே குழாய் இருக்கிறதா என்று யாருக்கும் காட்ட முடியாது. வருஷா வருஷம் மே மாதக் கடைசியில் ஒரு கம்பியை எடுத்து வீப் ஹோல் ஒவ்வொன்றையும் குத்திப் பாருங்கள், போன வருஷம் என்னுடையதில் நாலு ஓட்டையில் குளவி கூடு கட்டியிருந்தது.