கிட்டார் மேல் வரைந்ததை அழிக்கப் போகிறீர்களா? தின்னரைக் கீழே வையுங்கள்

ஏற்காட்டு விடுதியில் யாரோ ஆசையாக வரைந்துவிட்ட மண்டை ஓடு, கல்லூரி விழாவுக்கு அடித்த ஸ்ப்ரே நட்சத்திரம், ஆயுத பூஜைக்கு வைத்த மஞ்சள் குங்குமம். பழைய கிட்டார் கைமாறும்போது இவையும் கூடவே வந்துவிடுகின்றன. பெரும்பாலானவற்றை எடுத்துவிடலாம். அவசரப்பட்டு சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடையில் ஒரு பாட்டில் தின்னர் வாங்கிவந்து பஞ்சில் நனைத்துத் தேய்க்கும்போதுதான் கிட்டார் கெடுகிறது.

"எதைப் போட்டால் இது போகும்?" என்றே எல்லோரும் கேட்கிறார்கள். அடியில் இருக்கும் பாலிஷ் எதில் கரையும் என்று தெரிந்தால்தான் அந்தக் கேள்விக்கே பதில் சொல்ல முடியும். விலை குறைந்த தொழிற்சாலைக் கிட்டார்களில் பெரும்பாலும் பி.யூ. (பாலியூரித்தேன்) அல்லது பாலியெஸ்டர் பூச்சு இருக்கும். காய்ந்து இறுகிய பிறகு இது லேசில் கரையாது. கிப்சன் நிறுவனத்தின் கிட்டார்கள் போன்றவற்றில் இருப்பது நைட்ரோ செல்லுலோஸ் லேக்கர். தச்சர்கள் என்.சி. என்பார்களே, அதே குடும்பம். என்.சி. தின்னர் அதைக் கரைப்பதற்கென்றே கலந்தது. கையால் செய்த நல்ல கிளாசிக்கல் கிட்டார்களில் அரக்கு பாலிஷ் இருக்கலாம். அது ஆல்கஹாலில் கரையும், சானிடைசரே அதற்கு எமன்.

எந்த பாலிஷ் என்று பார்க்க மறைவான இடம் ஒன்று போதும். எலெக்ட்ரிக் என்றால் கழுத்துத் தகட்டுக்கு அடியில், அக்கூஸ்டிக் என்றால் ஸ்ட்ராப் குமிழைக் கழற்றி அதன் அடியில். பட்ஸ் நுனியில் முதலில் ஸ்பிரிட் தொட்டு ஒரே ஒரு புள்ளி வையுங்கள். சில விநாடிகளில் பிசுபிசுத்தால் அரக்கு. ஒன்றும் ஆகவில்லை என்றால் அசிட்டோன் ஒரு புள்ளி. ஒட்டினால் லேக்கர், அப்படியே கிடந்தால் பி.யூ. வகை. இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு நெயில் பாலிஷ் ரிமூவரோடு முன்பக்கத்தில் இறங்குவதுதான் மிகப் பெரிய தவறு. பாலிஷ் தப்பினாலும், முகப்பில் ஒட்டிய பிளாஸ்டிக் தகடான பிக்கார்டும் ஓரத்து பிளாஸ்டிக் பைண்டிங்கும் அசிட்டோனில் உருகிவிடும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டியூப்லைட்டின் பிம்பம் படத்தின் விளிம்பில் விழும்படி கிட்டாரைச் சாய்த்துப் பாருங்கள். பிம்பம் விளிம்பில் உடைந்தால் படம் பாலிஷுக்கு மேலே இருக்கிறது. உடையாமல் வழுக்கிக்கொண்டு போனால் படத்துக்கு மேலும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு அடித்திருக்கிறார்கள். பாலிஷையே உரிக்காமல் அதை எடுக்க முடியாது, விட்டுவிடுங்கள்.

லைட்டருக்கு ஊற்றும் ஃப்ளூயிட், நாஃப்தா என்ற பெட்ரோலியக் கரைப்பான் வகை. மூன்று பாலிஷுக்கும் பொதுவாகத் தொந்தரவு தராது. கிரேயான், மெழுகு, ஸ்டிக்கர் பசை எல்லாம் இதிலேயே போகும். கிடைக்கவில்லையே என்று பெட்ரோலை எடுக்கிறவர்கள் உண்டு. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் அரக்கைக் கரைக்கும், லேக்கரை இளக்கும். தீ அபாயம் தனி.

காய்ந்த அக்ரிலிக்கும் பெயின்ட் மார்க்கரும் நாஃப்தாவுக்கு மசியாது. தந்திகளைத் தளர்த்துங்கள், ஒலித்துளையை அட்டையால் மூடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து படத்தின் மேல் 5 நிமிடம் போடுங்கள். பிறகு தந்தி மீட்டும் பிளாஸ்டிக் வில்லையான கிட்டார் பிக்கின் ஓரத்தால் சாய்வாக நெம்பினால் ஏடு ஏடாகக் கிளம்பும். பிளேடு வேண்டவே வேண்டாம். ஒரு முறை வழுக்கினால் மரம் வரை கோடு. ஈரம் திருகுத் துளைக்குள் போனால் மரம் உப்பி, துளையைச் சுற்றிப் பாலிஷ் வெடிக்கும். மிச்சம் இருந்தால், பி.யூ. கிட்டார் என்று உறுதியானால் மட்டும், பட்ஸில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு எடுக்கலாம். பர்மனென்ட் மார்க்கருக்கும் இதே வழி.

நெயில் பாலிஷால் பூ வரைந்திருந்தால் நிலைமை மோசம். பெரும்பாலான நெயில் பாலிஷில் இருப்பதும் நைட்ரோ செல்லுலோஸ்தான். லேக்கர் கிட்டாரில் பூவைக் கரைப்பது எதுவோ அதுவே பாலிஷையும் கரைக்கும். பிக்கால் பொறுமையாகச் சுரண்டுவதைத் தவிர வழியில்லை.

பூஜை மஞ்சளைத் துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள். சந்தனப் பொடியிலும் குங்குமத்திலும் உள்ள துகள்கள் கோடு போடும். மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள். சோப்பு பட்டால் மஞ்சள் கறை செந்நிறமாகும். பதறவேண்டாம், காரத்துக்கு மஞ்சள் அப்படித்தான் மாறும். பி.யூ. மேல் ஆல்கஹால் தொட்ட பட்ஸ் போதும். பாலிஷ் இல்லாத மரத்தில் ஊறியிருந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் சில வாரம் வையுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானாக மங்கும். மொட்டை மாடி வெயிலில் மட்டும் வைக்க வேண்டாம். சேலத்து மே மாத வெயிலும் கார் உள்ளே தேங்கும் சூடும் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் பசையை இளக்கிவிடும். சுமார் 65 டிகிரியில் சாதாரண மரப் பசை வலுவிழக்கும். ஸ்டிக்கரை இளக்க ஹேர் டிரையர் பிடித்தாலும் அதே கணக்கு: குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளி, அரை நிமிடம். கையை வைத்துப் பார்த்தால் சுடக்கூடாது.

கடைசியில் மங்கலாகக் கறை தெரியும்போது உப்புத்தாளை எடுக்கத் தோன்றும். அக்கூஸ்டிக்கின் முகப்பில் பாலிஷின் கனம் பெரும்பாலும் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் மட்டுமே. ஓரங்களில் இன்னும் மெல்லிசு. பளபளப்பான பி.யூ. என்றால் சிலிக்கோன் இல்லாத, மெருகேற்றும் நைஸ் காம்பவுண்ட் இரண்டு சொட்டு, மென்துணியில் 20 இழுப்பு, துடைத்துப் பார்த்துவிட்டு மறுபடி. டூத்பேஸ்ட் அதற்கு மாற்று அல்ல. மேட் ஃபினிஷில் காம்பவுண்டே கூடாது. தேய்த்த இடம் மட்டும் எண்ணெய் பட்டதுபோல் பளபளக்கும், பிறகு திரும்பாது.

அப்படியும் படத்தின் உருவம் வெளிறித் தெரிந்தால் அது பெயின்ட் மிச்சமாக இருக்காது. சுற்றியுள்ள பாலிஷ் பல வருட வெளிச்சத்தில் பழுத்திருக்க, பெயின்ட்டுக்கு அடியில் இருந்த பகுதி மட்டும் பழைய நிறத்திலேயே இருக்கிறது. தேய்த்துச் சரிசெய்ய முடியாது. அறை வெளிச்சம் பட்டுப் பட்டு ஓரளவு சமனாகும்.

ஏற்காட்டில் பனிமூட்டமான நாளில் லேக்கர் கிட்டாரில் ஆல்கஹாலோ தின்னரோ படவிடாதீர்கள். சீக்கிரம் ஆவியாகிற திரவம் மேற்பரப்பைக் குளிரவைக்கும். காற்றிலுள்ள ஈரம் அங்கே படிந்து பாலிஷ் பால்போல் வெளுக்கும். நாஃப்தா பட்ட துணிகளைச் சுருட்டிப் போடாமல், அடுப்பு இல்லாத வெளி இடத்தில் விரித்து உலர்த்துங்கள். லேக்கர் கொஞ்சம் இளகியிருந்தால் இரண்டு நாளாவது ஸ்டாண்டில் தொங்கட்டும்; உடனே உறைக்குள் வைத்தால் துணியின் நெசவு அப்படியே பாலிஷில் பதிந்துவிடும்.