பூட்டிய வீட்டுக்குள் யார் நுழையலாம்? அவசர நேரச் சட்ட வழிகாட்டி

வடசென்னையின் வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிச் சந்துகளில் பல இடங்களில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். ஒன்றில் தீப்பிடித்தால் பக்கத்து வீட்டுப் பூட்டையும் உடைக்க வேண்டிவரும். 101-க்குச் சொல்லும்போது தெருப் பெயரோடு, தீயணைப்பு வண்டி எந்த முனைவரை வரும் என்பதையும் சொல்லுங்கள். தீயை அணைக்கக் கதவை உடைக்கவும், ஹோஸ் போக வழி இடிக்கவும் 1985-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம் தீயணைப்புப் படையினருக்கு அதிகாரம் தருகிறது. 'ஹவுஸ் ஓனர் வரட்டும்' என்று கிரில் கேட்டை மறிக்காதீர்கள். அந்த இரண்டு நிமிடத்தில் புகையே ஆளைக் கொன்றுவிடலாம்.

அவர்கள் வருவதற்குள் உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் அக்கம்பக்கத்தாரும் உடைக்கலாம். பெருந்தீ பரவாமல் தடுக்க ஒருவர் வீடுகளை இடிப்பதையே குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 19-ஆம் பிரிவு, குற்றமாகாத செயலுக்கு உதாரணமாகக் காட்டுகிறது. ஆனால் ஆபத்து நிஜமாகவும் உடனடியாகவும் இருக்க வேண்டும், நோக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தட்டுங்கள். பதில் இல்லையென்றால் அவசர உதவி எண் 112-க்குச் சொல்லிவிட்டு, இரண்டு பேரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, ஒருவர் செல்போனில் வீடியோ எடுக்க உடையுங்கள். முடிந்ததும் புதுப் பூட்டு போட்டுச் சாவியை போலீஸ் ஸ்டேஷனில் கொடுங்கள். இந்தக் கடைசி வேலையை விட்டுவிடுவதால்தான் பிறகு 'நகை காணோம்' என்று தகராறு வருகிறது.

கேஸ் நாற்றம் அடித்தால் காலிங் பெல்லைத் தொடவே கூடாது. சுவிட்சில் வரும் சின்னப் பொறி போதும். கையால் தட்டுங்கள். பூட்டைச் சுத்தியலால் அடித்தாலும் பொறி பறக்கும். வெளியே தள்ளி வந்து, கேஸ் கசிவு உதவி எண் 1906-க்கும் 101-க்கும் போன் செய்யுங்கள்.

ஈ.பி. ஊழியர், மின்வாரியத்தின் மீட்டரையும் ஒயரையும் பழுதுபார்க்க, குடியிருப்பவரிடம் சொல்லிவிட்டு நியாயமான நேரத்தில் உள்ளே வரலாம். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 163. அடையாள அட்டையைக் கேளுங்கள். மீட்டர் அறைச் சாவி ஓனரிடம் மட்டும் இருக்கும் லைன் வீடுகளில், ஒரு சாவி குடித்தனக்காரர் யாரிடமாவது இருக்கட்டும்.

போலீஸ் விஷயம் வேறு. கைது செய்யத் தேடும் ஆள் உள்ளே இருப்பதாக நம்பினால், யார், எதற்கு என்று சொல்லி, திறக்கக் கேட்டும் திறக்காதபோது கதவை உடைக்கலாம். பொருளைத் தேடி, வாரண்ட் இல்லாமல் சோதனை போட வந்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். 48 மணி நேரத்துக்குள் நகல் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். மனு போட்டால் உங்களுக்கும் இலவசமாக ஒரு நகல் உண்டு. சோதனையின்போது உடன் நிற்க உங்களுக்கு உரிமை உண்டு. பகுதிவாசிகள் இருவர் சாட்சியாக இருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் வீடியோ பதிவும் கட்டாயம்.

வெள்ளக் காலத்தில் மண்டபம், வீடு, காசிமேட்டுப் படகு என எதையும் மீட்புப் பணிக்கு எடுத்துக்கொள்ள பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 65 இடம் தருகிறது. அதற்கு எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டும். நகலை வாங்கிக்கொண்டு, ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். இடத்துக்கும் வாகனத்துக்கும் 66-ஆம் பிரிவில் இழப்பீடு உண்டு. தொகை குறைவு என்றால் 30 நாளுக்குள் நடுவர் கேட்டு அரசுக்கு மனு போட வேண்டும். நியாயமான காரணமின்றி மீட்புப் பணியைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, அதனால் உயிர் போனால் இரண்டாண்டு வரை.