நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க சத்தம் என்ன சத்தம்னு பாருங்க

நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் எது வாங்கலாம்னு யாராச்சும் கேட்டா நான் பதிலுக்கு ஒரு கேள்விதான் கேப்பேன், உங்களுக்குத் தொல்லை குடுக்கிறது எந்த சத்தம்? முக்கால்வாசி பேர் "எல்லா சத்தமும்தான்"னு சொல்லுவாங்க. எல்லா சத்தத்தையும் அப்படியே முழுங்குற ஹெட்போன்னு ஒண்ணு இல்லவே இல்லைங்க, எவ்வளவு காசு குடுத்தாலும் கிடைக்காது, அதனால முதல்ல இந்தக் கேள்விக்கு பதில் கண்டுபிடிச்சுட்டு அப்புறமா மாடல் பேரெல்லாம் பாக்கலாம்.

நான் பட்டதை சொல்றேன். முதல் தடவை வாங்கினப்போ டப்பா மேல பெருசா 40 டெசிபல் சத்தம் குறையும்னு போட்டிருந்ததைப் பாத்து மயங்கி வாங்கிட்டேன், கம்பெனி பேரு வேணாம் விடுங்க. ராத்திரி வீட்ல போட்டுப் பாத்தா ஃபேன் சத்தம் யாரோ ஸ்விட்சை அணைச்ச மாதிரி போயிருச்சு, நான் நிஜமாவே தலையைத் தூக்கி ஃபேன் சுத்துதான்னு பாத்தேன். அடுத்த நாள் ஆபீஸ்ல போட்டா பக்கத்து சீட்டுல போன் பேசுறவர் குரல் முன்னாடியவிட தெளிவா கேக்குது! பீஸ் ரிப்பேர்னு நெனச்சு திருப்பிக் குடுக்கவே கிளம்பிட்டேன். அப்புறம்தான் புரிஞ்சுது, அதுவரைக்கும் ஏசி போட்டுட்டு இருந்த உறுமல் அவர் குரலைக் கொஞ்சம் மூடி வச்சிருந்திருக்கு, ஹெட்போன் அந்த உறுமலை மட்டும் உருவி எடுத்துட்டதால குரல் தனியா மேல மிதந்து வந்துருச்சு. ஹெட்போன் அதோட வேலையை ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு, நான்தான் அதோட வேலை என்னன்னு தெரியாம வாங்கியிருக்கேன்.

இது ஏன் இப்படின்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா கடையில யாரும் உங்களை ஏமாத்த முடியாது. ஹெட்போன் கப்புல சின்ன சின்ன மைக் இருக்கும், வெளிய இருந்து வர்ற சத்தத்தை அது கேக்கும், உள்ள இருக்கிற சிப்பு அந்த அலைக்கு நேர் எதிரான அலையை உருவாக்கி ஸ்பீக்கர் வழியா விடும், வெளி அலை மேல ஏறுற நேரத்துல இது கீழ இறங்கணும், ரெண்டும் மோதி அடங்கிடும். கேக்க சுலபமா இருக்கு, ஆனா நேரம் பிசகக்கூடாது. 100 ஹெர்ட்ஸ்ல, அதாவது நொடிக்கு 100 தடவை அதிர்ந்து வர்ற கனமான உறுமலோட ஒரு அலை நீளம் கிட்டத்தட்ட மூணரை மீட்டர், அதுல ஒரு செண்டிமீட்டர் அளவுக்கு முன்ன பின்ன ஆனாலும் ஒண்ணும் குடி முழுகிப் போகாது. அதே 5000 ஹெர்ட்ஸ் கீச்சு சத்தத்துக்கு அலை நீளமே ஏழு செண்டிமீட்டர்தான், அங்க கொஞ்சம் தவறினா கழிக்கிறதுக்கு பதிலா கூட்டி விட்டுரும். அதனால இந்த ஏஎன்சி, அதாவது ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலிங்கிற வித்தை பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்கு கீழதான் பலமா வேலை செய்யும், அதுக்கு மேல வர்ற சத்தத்தையெல்லாம் தடுக்கிறது காதைச் சுத்தி இருக்கிற பஞ்சு மெத்தைதான்.

இந்த ஐடியா பிரபலமான கதையும் இதுக்குப் பொருத்தமானதுதான். போஸ் கம்பெனியை ஆரம்பிச்ச அமர் போஸ் 1978ல ஜூரிச்ல இருந்து பாஸ்டனுக்கு விமானத்துல போறப்போ குடுத்த ஹெட்போன்ல எஞ்சின் இரைச்சலால பாட்டே கேக்க முடியலன்னு அந்தப் பயணத்துலயே கணக்குப் போட ஆரம்பிச்சாராம், 1989ல பைலட்டுங்க போடுற ஹெட்செட்டா அது விற்பனைக்கு வந்துச்சு. ஒரே மாதிரி விடாம உறுமுற எஞ்சினை அடக்கப் பொறந்த சாமான் இது. விமானம், ரயில், பஸ் எஞ்சின், ஏசி, ஃபேன், இதெல்லாம் உங்க பிரச்சனைன்னா கண்ணை மூடிட்டு ஏஎன்சிக்கு காசு போடுங்க. குழந்தை அழுகை, நாய் குரைப்பு, பாத்திரம் விழுறது, கீபோர்டு தட்டுறது, பக்கத்துல பேச்சு, இதெல்லாம்தான் தொல்லைன்னா நல்ல ஹெட்போன் போட்டா குறையும், ஆனா போகாது. அந்த மிச்சத்துக்கு மேல மெல்லிசா ஒரு மழை சத்தமோ பாட்டோ ஓட விட்டாத்தான் சரியா மறையும், நான் ஆபீஸ்ல இப்போ அப்படித்தான் சமாளிக்கிறேன்.

அந்த 40 டெசிபல் கதைக்கு வர்றேன். "40 டெசிபல் வரைக்கும்"னு எழுதியிருப்பாங்க பாருங்க, அந்த "வரைக்கும்"லதான் எல்லா சூட்சுமமும். ஏதோ ஒரு குறிப்பிட்ட ஃப்ரீக்வென்சியில மட்டும் அவ்வளவு குறையுது, மத்த இடத்துல பத்தோ பதினஞ்சோதான் இருக்கும், அதனால ரெண்டு டப்பா மேல இருக்கிற நம்பரை வச்சு ஒப்பிடுறது வீண் வேலை. பத்து டெசிபல் குறைஞ்சாலே காதுக்கு பாதி சத்தம் போன மாதிரி இருக்கும்னு ஒரு கணக்கு இருக்கு, அந்த அளவுக்கு தெரிஞ்சா போதும்.

இன்னொரு பெரிய குழப்பம், விலை கம்மியான டப்பாவுல ஈஎன்சின்னு பெருசா போட்டிருப்பாங்க, அதைப் பாத்து ஏஎன்சின்னு நெனச்சு வாங்குறவங்க நெறைய பேர். ஈஎன்சிங்கிறது நீங்க போன்ல பேசுறப்போ உங்களைச் சுத்தி இருக்கிற சத்தம் எதிர்முனையில இருக்கிறவருக்கு போகாம வடிகட்டுறது, உங்க காதுக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல. அதே மாதிரி நாய்ஸ் ஐசோலேஷன்னு போட்டிருந்தா வெறும் பஞ்சு மட்டும்தான், மைக் சமாச்சாரம் எதுவும் கிடையாது. ஹைப்ரிட் ஏஎன்சின்னு இருந்தா கப்புக்கு வெளிய ஒரு மைக், உள்ள காதுப் பக்கம் ஒரு மைக், ரெண்டும் இருக்குன்னு அர்த்தம், வெளி மைக் சத்தத்தை முன்கூட்டியே புடிக்கும், உள் மைக் காதுக்கு என்ன மிச்சம் வருதுன்னு பாத்து திருத்தும். இது இருக்கிறதா பாத்து வாங்குறது நல்லது, ஆனா இருக்குன்னாலே நல்ல ஹெட்போன்னு ஆகிடாது, ட்யூனிங் மட்டமா இருந்தா நாலு மைக் இருந்தும் வேஸ்ட்.

இப்போ நான் ரொம்ப முக்கியம்னு நெனக்கிற விஷயம், யாரும் பேசாத விஷயமும் கூட, உங்க தலை. ஆமா உங்க தலையும் காதும்தான். மெத்தை காதைச் சுத்தி இடைவெளி இல்லாம ஒட்டினாத்தான் ஏஎன்சி வேலை செய்யும், எங்கயாச்சும் சின்ன ஓட்டை இருந்தா முதல்ல உள்ள வர்றது அந்த கனமான உறுமல்தான், பாட்டுல இருக்கிற பேஸும் அதே ஓட்டை வழியா வெளிய போயிரும். கண்ணாடி போடுறவங்களுக்கு இது தீராத தலைவலி, கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கி விட்டுரும். தடி ஃப்ரேமா இருந்தா இன்னும் மோசம், மெல்லிசு கம்பி ஃப்ரேமா இருந்தா ஓரளவு தப்பிக்கலாம், மெத்தை எவ்வளவு மெத்துன்னு இருக்கோ அவ்வளவுக்கு காம்பைச் சுத்தி அமுங்கி மூடிக்கும். அடர்த்தியான முடி, பெரிய கம்மல், கிருதா இதெல்லாமும் கணக்குதான். ஒருத்தருக்கு அற்புதம்னு தோணுற மாடல் இன்னொருத்தருக்கு சுமார்னு தோணுறதுக்கு பாதி காரணம் இதுதான், அதனால ரிவ்யூ பாக்குறது தப்பில்ல, ஆனா ரிவ்யூ எழுதினவரோட தலை உங்க தலை இல்ல.

கடையில போட்டுப் பாக்குறப்போ எல்லாரும் முதல்ல பாட்டைத்தான் போடுவாங்க, அதைச் செய்யாதீங்க. பாட்டே இல்லாம போட்டுக்கங்க, ஏசி பக்கமோ ஃபேன் பக்கமோ போய் நில்லுங்க, ஏஎன்சியை ஆன் பண்ணி ஆஃப் பண்ணி பாருங்க. அப்புறம் ஆன்ல இருக்கிறப்போ ஒரு பக்க மெத்தையை விரலால லேசா தூக்கிப் பாருங்க, உறுமல் குபுக்குன்னு உள்ள வரும், விட்டா அடங்கும். அப்படி பெரிய வித்தியாசம் தெரிஞ்சா உங்களுக்கு சரியா ஒட்டியிருக்குன்னு அர்த்தம், தூக்கினாலும் தூக்காட்டியும் ஒரே மாதிரி இருந்தா ஏற்கனவே எங்கயோ ஓட்டை இருக்கு. தலையை ஆட்டிப் பாருங்க, வாயைத் திறந்து மூடிப் பாருங்க, தாடை அசையறப்போ விலகுதான்னு தெரியும். கண்ணாடி போடுறவங்க கண்ணாடியோடதான் பாக்கணும், கழட்டி வச்சுட்டு பாத்து வாங்கினா வீட்டுக்கு வந்து அழ வேண்டியதுதான்.

எடையும் அலட்சியம் பண்ற விஷயம் இல்ல. சோனி எக்ஸ்எம்5 250 கிராம் பக்கம், ஆப்பிள் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராம் பக்கம், கையில வச்சுப் பாத்தா என்ன பெரிய வித்தியாசம்னு தோணும், மூணு மணி நேரம் தலையில வச்சிருந்தா உச்சந்தலைக்கு தெரியும். எடை கம்மியா இருந்தும் ரெண்டு பக்கமும் இறுக்கிப் புடிக்கிற மாடல் இருக்கு, அது இன்னும் கொடுமை, தாடை ஓரமெல்லாம் வலிக்கும். காது உள்ள இருக்கிற துணியில போய் முட்டக்கூடாது, முட்டினா அரை மணி நேரத்துல காது நுனி எரியும். அஞ்சு நிமிஷத்துல எல்லா ஹெட்போனும் சுகமாத்தான் இருக்கும், அதனால முடிஞ்சா அரை மணி நேரம் போட்டுட்டு இருங்க, கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும். காது வியர்க்கிறவங்களுக்கு செயற்கைத் தோல் மெத்தை கசகசன்னு இருக்கும், துணி மெத்தை காத்தோட்டமா இருக்கும் ஆனா சத்தத்தை கொஞ்சம் கம்மியாத்தான் தடுக்கும், ரெண்டும் ஒண்ணா கிடைக்காது.

சில பேருக்கு ஏஎன்சி ஆன் பண்ணினதும் லிஃப்ட்ல வேகமா இறங்குற மாதிரி காது அடைக்கும். நிஜமா காத்தழுத்தம் எதுவும் மாறுறதில்ல, ஆனாலும் சில பேருக்கு தலை சுத்துற வரைக்கும் போகும், அப்படிப்பட்டவங்க ஏஎன்சி அளவைக் கூட்டிக் குறைக்கிற வசதி இருக்கிற மாடலா பாருங்க. அமைதியான ரூம்ல ஆன் பண்ணி உஸ்ஸுன்னு ஒரு மெல்லிய இரைச்சல் வருதான்னும் பாத்துக்கங்க, மட்டமான மாடல்ல அது நல்லாவே கேக்கும். காத்து அடிக்கிற இடத்துல நடக்கிறவங்களுக்கு இன்னொன்னு, வெளி மைக்குல காத்து பட்டா படபடன்னு சத்தம் வரும், அதுக்குன்னு தனி மோடு இருக்கான்னு கேளுங்க. ரோட்டுல நடக்கிறப்போ வெளி சத்தம் கேக்குற ஆம்பியன்ட் மோடு கட்டாயம் வேணும், அதுல உங்க குரல் இயல்பா கேக்குதா இல்ல டப்பாவுக்குள்ள பேசுற மாதிரி இருக்கான்னு ரெண்டு வார்த்தை பேசிப் பாத்தாலே தெரிஞ்சுரும்.

கோடெக், அதாவது ப்ளூடூத்ல பாட்டை சுருக்கி அனுப்புற முறை, அதைப் பத்தி சண்டை போடுறவங்களை நான் கண்டுக்கிறதே இல்ல. ஐபோன் வச்சிருந்தா எஸ்பிசி, ஏஏசிங்கிற ரெண்டு கோடெக்தான், எல்டாக்ங்கிற உசத்தி கோடெக் இருக்குன்னு கூடுதல் காசு குடுக்காதீங்க, ஆண்ட்ராய்டுல வேலை செய்யும், ஆனா பஸ்ஸுல உக்காந்து கேக்குறப்போ வித்தியாசம் கண்டுபுடிக்கிறவங்க என்னைவிட நல்ல காது உள்ளவங்க, அவ்வளவுதான். அதைவிட மல்டிபாயிண்ட் இருக்கான்னு பாருங்க, லேப்டாப்லயும் போன்லயும் ஒரே நேரத்துல இணைஞ்சிருக்கும், மீட்டிங்ல இருக்கிறவங்களுக்கு இது வரப்பிரசாதம். ப்ளூடூத்ல மைக்கை ஆன் பண்ணினதும் பாட்டோட தரம் பழைய டெலிபோன் மாதிரி இறங்குறது பல மாடல்ல இருக்கு, அது ரிப்பேர் இல்ல, பயந்துராதீங்க. கேம் ஆடுறவங்களுக்கு ப்ளூடூத்தே சரிப்படாது, சுட்டதுக்கு அப்புறம்தான் சத்தம் வரும்.

ஒயர் மாட்டி கேக்க முடியுமான்னு கேளுங்க, சார்ஜ் தீந்ததுக்கு அப்புறமும் ஒயர்ல பாடுமான்னு தனியா கேளுங்க, ரெண்டும் வேற வேற கேள்வி, ஏர்பாட்ஸ் மேக்ஸ்ல சார்ஜ் இல்லேன்னா ஒயர் இருந்தும் பாடாது. பேட்டரி இப்போ 30 மணி நேரம் சாதாரணம், சென்ஹைசர் மொமென்டம் 4 எல்லாம் 60 மணி நேரம்னு சொல்றாங்க, அதுல மண்டையை உடைச்சுக்க வேண்டியதில்ல. மடக்க முடியுமாங்கிறது பையில தூக்கிட்டுப் போறவங்களுக்கு முக்கியம், சோனிகாரங்க எக்ஸ்எம்4ல மடக்க விட்டு, எக்ஸ்எம்5ல அதை எடுத்துட்டு, எல்லாரும் பொலம்பினதுக்கு அப்புறம் 2025ல வந்த எக்ஸ்எம்6ல திரும்பக் கொண்டு வந்தாங்க.

மெத்தை தனியா கிடைக்குதான்னு மட்டும் மறக்காம பாருங்க. ரெண்டு மூணு வருஷத்துல செயற்கைத் தோல் செதில் செதிலா உரிஞ்சு கன்னமெல்லாம் கருப்புத் துகளா ஒட்டும், பஞ்சு அமுங்கிப் போனா ஒட்டுறதும் போயிரும், ஏஎன்சி பலவீனமாகிடுச்சுன்னு புது ஹெட்போன் வாங்குற பல பேருக்கு புது மெத்தை மாத்தினாலே போதும்.

இதுல காதுக்கு கிடைக்கிற உண்மையான லாபம் வேற ஒண்ணு. பஸ்ஸுல சாதா ஹெட்போன் போட்டா எஞ்சினை மீறி கேக்கணும்னு வால்யூமை ஏத்திட்டே போவோம், ஏஎன்சி இருந்தா பாதியில வச்சாலே போதும். 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பாதுகாப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, மூணு டெசிபல் ஏற ஏற அந்த நேரம் பாதி பாதியா குறையும். அதுக்காக இதைப் போட்டுட்டு டிரில்லிங் மெஷின் பக்கத்துல வேலை பாக்காதீங்க, அதுக்கு தனியா காதுக் கவசம் இருக்கு.

வாங்கினதும் முதல் ஒரு வாரம் நீங்க நிஜமா எங்க போடப் போறீங்களோ அங்கயே போட்டுப் பாருங்க, அதே பஸ், அதே சீட்டு, அதே பக்கத்து சீட்டுக்காரர். திருப்பிக் குடுக்க எத்தனை நாள் டைம்னு பில்லுலயே பாத்துக்கங்க, டப்பாவை மட்டும் அதுவரைக்கும் தூக்கிப் போட்டுராதீங்க, நான் ஒரு தடவை போட்டுட்டு கடையில போய் அசடு வழிஞ்சிருக்கேன்.